சூடானால் நின்றுவிடும் சத்தம்

காதுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் உடைந்த பிஸ்டன் ஒன்று வந்து உட்கார்ந்து பல நாளாகிவிட்டது. எடுத்துத் தூர வைக்க யாருக்கும் கை வரவில்லை. தட்டு வைக்க இடம் வேண்டுமென்றால் அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளினார்கள், சாப்பிட்டு முடித்ததும் அது தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிட்டதுபோல் மறுபடி நடுவில் இருந்தது. தலையில் ஒரு பக்கம் பிய்ந்து, ரிங் உட்காரும் பள்ளம் நொறுங்கி, பார்க்கவே அலங்கோலமாக இருந்தது.

அதைக் கொண்டுவந்து வைத்தது வீட்டுக்காரியின் தம்பி. சிமெண்டும் கம்பியும் ஏற்றிக்கொண்டு மலைமேல் ஊர்களுக்குப் போகிற, பெட்ரோல் இன்ஜின் போட்ட ஒரு பழைய லாரி அவனுடையது. நிறை பாரத்தோடு மேட்டில் ஏறும்போதுதான் இந்த பிஸ்டன் உடைந்தது. இன்ஜின் நின்றது, வண்டி பின்னால் உருண்டது, பிரேக் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. ஓரத்து மண்மேட்டில் பின்சக்கரம் போய் முட்டியதால் அவன் இன்று உட்கார்ந்து சோறு தின்கிறான். மறுபக்கம் மண்மேடு கிடையாது, பள்ளம்.

மழை வேறு விட்டபாடில்லை. அடித்துப் பெய்து ஓய்ந்தால்கூடப் போகிறது என்று விடலாம். இது நசநசவென்று காலையிலிருந்து சாயங்காலம் வரை தூறி, துவைத்த துணியை ஈரமாகவே மடிக்கவைக்கிற மழை. முன்னால் பட்டறை, பின்னால் இரண்டு அறை, நடுவில் ஒரு கதவு என்று இருக்கிற வீட்டில் ஈரம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தாளிக்கிற வாசனை பட்டறைக்குப் போகும், கருகின ஆயில் வாசனை தலையணை வரைக்கும் வரும். வீட்டுக்காரிக்குக் கல்யாணமான புதிதில் அது குமட்டியது. இப்போது ஆயில் வாசனை இல்லாத இடத்தில் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை.

காதுக்காரர் என்ற பெயர் தெரு வைத்தது. காது ஒன்றும் பெரிய காதில்லை, இடது பக்கம் கொஞ்சம் மடங்கின சாதாரணக் காதுதான். ஓடுகிற இன்ஜின் மேல் ஒரு நீளத் திருப்புளியின் நுனியை வைப்பார், பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார், கண்ணை மூடுவார். இன்னது தேய்ந்திருக்கிறது, இன்னது தளர்ந்திருக்கிறது என்பார். கழற்றிப் பார்த்தால் அச்சு அசலாக அப்படியே இருக்கும். புது மெஷின்கள் வாங்கிப் போட்ட பெரிய பட்டறைக்காரர்கள்கூட இன்ஜினை முடித்துவிட்டு, "எதுக்கும் ஒரு தடவை காதுக்காரர்கிட்ட காட்டிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்புவார்கள். இந்தப் பட்டறைக்கு வேறு மூலதனம் கிடையாது.

அந்தக் காது கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

எப்போது தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் பின்னாலிருந்து கூப்பிட்டாள், அவர் திரும்பவில்லை. இன்னொரு நாள் பால் பொங்கி அடுப்பில் சுர்ரென்று வழிந்தது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கோபத்தில் இருக்கிறார் என்று முதலில் நினைத்தாள், பிறகு கவனமில்லை என்று நினைத்தாள், கடைசியில் நினைக்க வேறு எதுவும் மிச்சமில்லாமல் போனது. அதிலிருந்து பட்டறைக்கு யார் வந்தாலும் அவளும் வந்து நின்றாள். "மேடு ஏறும்போது இழுக்கலையாம், புகை வருதாம்" என்று வந்தவர் சொன்னதையே அவர் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னாள். அந்தம்மா எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறது என்று தெருவில் பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இதை அவரிடம் அவள் கேட்டதில்லை. தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்தத் தடவை ஃபோர்ஜ்டு போட்டுரலாம்" என்றான் தம்பி. தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. வண்டி உருண்டதிலிருந்தே அவன் சாப்பாட்டைப் பிசைகிறானே தவிர உள்ளே போவது குறைவு.

காதுக்காரர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். அவள் குழம்பை ஊற்றுகிற சாக்கில் முன்னால் குனிந்து, "ஃபோர்ஜ்டு போடலாமான்னு கேக்குறான்" என்றாள்.

"எதுக்கு? அந்த இன்ஜினுக்கு கம்பெனியிலேர்ந்து வந்ததே காஸ்ட் பிஸ்டன்தான். இத்தனை வருஷம் ஓடல?" காதுக்காரர் நிமிர்ந்து தம்பியின் வாயைப் பார்த்தார், உதட்டசைவு தெரிந்தால் அவருக்குப் பாதி புரிந்துவிடும்.

"ஓடுச்சு, உடைஞ்சிருச்சே."

"சரக்கு சரியில்ல மச்சான். போன தடவை போட்ட செட்டுல ஏதோ கோளாறு. வேற செட்டு போட்டா ஓடும்."

"காஸ்டுங்கறது உருக்கி அச்சுல ஊத்துறது. அடி தாங்காது, பீங்கான் மாதிரி பொலபொலன்னு போயிரும். ஃபோர்ஜ்டு அழுத்தி அடிச்சுச் செய்யறது, தாங்கும். எல்லா டிரைவரும் அதத்தான் சொல்றாங்க."

"டிரைவருங்க சொல்லுவாங்க. காலையில ஸ்டார்ட் பண்றப்போ டொக்கு டொக்குன்னு தட்டுமே, அதைச் சொன்னாங்களா?" உரித்த முட்டையைத் தம்பி தட்டிலேயே வைத்தார். "ஃபோர்ஜ்டு சூட்டுக்கு அதிகமா விரியும். அதனால சிலிண்டருக்குள்ள அதிக இடம் விட்டுக் கடையணும். குளிர்ல லூஸா கெடந்து ஆடும், தட்டும். சூடேறி விரிஞ்சாத்தான் சத்தம் நிக்கும். காஸ்டுக்கு அந்தத் தொல்லையே இல்ல. இறுக்கமா உக்காரும், சத்தம் போடாது. சத்தம் வந்தா ஏதோ தப்புன்னு குழந்தைக்கும் தெரியும்."

"தட்டிட்டுப் போகட்டும் மாமா. நின்னா சரி."

"நிக்குதான்னு யாரு பாக்கறது?"

"நீங்கதான். உங்களவிட யாரு இருக்கா?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். அது காதில் விழவில்லையா, விழுந்தும் விழாததுபோல் போகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தவேண்டிய அவசியமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"ஏண்டா, உடையறதுக்கு முன்னாடி மேட்டுல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டினாப்ல கிணுகிணுன்னு. போன தடவை இங்க இன்ஜின் கட்டி எடுத்துட்டுப் போனதிலேர்ந்தே இருந்துச்சு. மாமாகிட்ட கொண்டாந்து காட்டினேன், திருப்புளி வெச்சுக் கேட்டுட்டு சரியா இருக்குன்னாரு. அவரே சொன்னதுக்கப்புறம் நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

காதுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அந்தக் கிணுகிணு என்னவென்று தெரியாமல் இருக்குமா? தீப்பொறி விழுகிற நேரத்தை, அந்த டைமிங்கை, முன்னால் தள்ளி வைத்துவிட்டால் பெட்ரோல் வேளை கெட்ட வேளையில் வெடிக்கும், பிஸ்டனின் மண்டையில் சுத்தியலால் அடித்ததுபோல் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நல்ல மெக்கானிக் அங்கேயே வண்டியை நிறுத்திவிடுவான். சரக்கில் கோளாறு இல்லை. காஸ்ட் என்பதாலும் உடையவில்லை. காது கேட்காததால் உடைந்திருக்கிறது.

தம்பியிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவன் ஆத்திரத்தில் தெருவில் கத்துவான், அடுத்த வாரம் இந்தப் பட்டறை வாசலில் ஒரு வண்டி நிற்காது. வேறு வேலை தெரியாத மனுஷன், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சொல்லாவிட்டால் அதே தம்பி அதே மேட்டில், அவர் கேட்காமல் கேட்டுச் சரியென்று அனுப்பின இன்ஜினோடு ஏறப்போகிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு வேண்டியவர்கள்தான் நின்றார்கள். அலுப்பாக இருந்தது. அழுகைகூட வரவில்லை, அலுப்பு மட்டும்தான் வந்தது.

மறுநாள் பட்டறையில் அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஃபோர்ஜ்டே போடுங்க" என்றாள்.

"உனக்கும் டிரைவருங்க வந்து சொன்னாங்களா?"

"அவன் ஸ்டியரிங்கப் பிடிக்கப் பயப்படுறான். கெட்டியான சாமான் உள்ள இருக்குன்னு தெரிஞ்சாத்தான் வண்டியில ஏறுவான்."

"ஒரு தடவை ஃபோர்ஜ்டுக்குக் கடைஞ்சுட்டா பெரிசாக் கடைஞ்சதுதான். மறுபடி அந்த ஓட்டையில காஸ்ட் போட முடியாது. திரும்பி வர்ற வழி இல்ல."

"வர வேணாம்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஏதோ சொல்ல இருந்தது. பிறகு மேசை மேல் கிடந்த துணியை எடுத்து, துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"சரி, வாங்கிட்டு வரச் சொல்லு. பிஸ்டன் கைக்கு வந்து அளந்து பாக்காம சிலிண்டர் பிளாக்கைத் தொட மாட்டேன்."

பிஸ்டன்கள் வந்தன. கையில் எடுத்தால் கனம், விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. தம்பி ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தான், பழையது உடைந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. காதுக்காரர் ஒவ்வொன்றையும் அளந்து, பிளாக்கை மெஷினில் ஏற்றிக் கடையத் தொடங்கினார். நாலு சிலிண்டர், நாலுக்கும் நாலு பிஸ்டன். கடைந்த பிறகு ஹோனிங். கல் பொருத்திய தண்டு சிலிண்டருக்குள் சுழன்று சுழன்று மேலும் கீழும் போய்ச் சுவரை மழமழவென்று ஆக்கவேண்டும். கல் முதலில் கரகரவென்று கத்தும். மேடு பள்ளம் தீரத் தீரக் குரல் மாறி, ஒரே சீராக இழுக்கும். அந்தச் சீர் வந்ததும் நிறுத்தி அளக்கவேண்டும். விட்டால் ஒரு மயிரிழை அதிகம் தின்றுவிடும்.

கல்லுக்கு ஆயில் ஊற்றுவது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து ஊற்றுகிறாள். சத்தம் சீரானதும் அவள் கை தானாக ஆயில் கேனை நிமிர்த்திவிடும், அவரும் மெஷினை நிறுத்திவிடுவார். முதல் சிலிண்டர் அப்படி முடிந்தது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வாசலில் யாரோ ஒரு தண்ணீர் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, நனைந்தபடியே கூப்பாடு போட்டார். ஆயில் கேனைக் காதுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பம்ப்காரர் லேசில் விடுகிற ஆளில்லை. பம்ப் கதையோடு மச்சினன் கதையையும் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனார்.

அவள் திரும்பி வந்தபோது மெஷின் நின்றிருந்தது. காதுக்காரர் அளவுகோலை மூன்றாவது சிலிண்டருக்குள் விட்டு எடுத்தார், துடைத்தார், மறுபடி விட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஃபோர்ஜ்டு தானே, கொஞ்சம் லூஸா இருந்தா தப்பில்ல."

இறுக்கமான பிஸ்டன் போட்டே பழகின கை அது. லூஸாக விடு என்று சொன்னால் எவ்வளவு லூஸ் வரைக்கும் பொறுக்கும் என்று அந்தக் கைக்கு மனப்பாடம் கிடையாது. அவளுக்கும் அப்போது அது தோன்றவில்லை. நாலாவது சிலிண்டருக்கு ஆயில் ஊற்றப் போனாள்.

இன்ஜினைக் கட்டி வண்டியில் ஏற்றியபோது மழை பொடித் தூறலாகக் குறைந்திருந்தது. ஸ்டார்ட் செய்கிற காலையில் நல்ல குளிர். தம்பி டிரைவர் கேபினில் ஏறி உட்கார்ந்தான், கதவை மூடவில்லை. ஒரு கால் வெளியிலேயே இருந்தது. இந்த வண்டிக்குள் முழுசாக உட்கார அவனுக்கு இன்னும் மனசு வரவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

சாவியைத் திருப்பினான். இரண்டு மூன்று முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்தது.

டொக் டொக் டொக் என்று நாலும் சேர்ந்து தட்டின. மூடின கதவை யாரோ பொறுமையில்லாமல் தட்டுவதுபோல் இருந்தது.

"மாமா, தட்டுதே!" என்று தம்பி உள்ளேயிருந்து கத்தினான்.

"தட்டுதேங்கறான்" என்றாள்.

"தட்டும். சூடேறட்டும்" என்றார் காதுக்காரர்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவள் டீ போட்டு எடுத்துவந்தாள், யாரும் குடிக்கவில்லை. தகரக் கூரை ஒழுகி இன்ஜின் மேல் விழுந்த தூறல் முதலில் வழிந்தது, பிறகு ஆவியாகப் போனது. தட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து போவதுபோல் ஒன்று போனது, இன்னொன்று போனது, மற்றொன்றும் போனது.

ஒன்று மட்டும் போகவில்லை.

ஃபேன் சத்தத்துக்கு நடுவே அடியில் ஒளிந்துகொண்டு, டொக், டொக் என்று ஒற்றையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். கை வைக்க முடியவில்லை. இதற்குமேல் சூடாக ஒன்றுமில்லை.

காதுக்காரர் திருப்புளியை எடுத்தார். நுனியை இன்ஜின் மேல் வைத்தார், பிடியைக் காதில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒவ்வொரு சிலிண்டர் பக்கமும் நகர்ந்தார். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். இப்போது கொஞ்ச காலமாக மூடுவதில்லை. வயசாகிறது, குனிந்தால் தலை சுற்றும்போல என்று அவள் நினைத்திருந்தாள். அன்றைக்கும் கண் திறந்தே இருந்தது. அந்தக் கண் இன்ஜினைப் பார்க்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஒரு எட்டு பின்னால் போனாள். எத்தனை காலமாக இப்படி? எத்தனை இன்ஜின்? தான் புருவத்தைச் சுருக்கினபோதெல்லாம் இவர் "எங்கியோ தட்டுது, கழட்டிருவோம்" என்றிருக்கிறார். தான் சும்மா நின்றபோதெல்லாம் "சரியா இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றிருக்கிறார். ஆயில் கேனை நிமிர்த்தினால் மெஷினை நிறுத்தியிருக்கிறார். தெருவே கொண்டாடுகிற காது தன் முகத்தில் இருந்திருக்கிறது, தனக்கே அது தெரியவில்லை. அவர் மேல் கோபம் வந்தது. அந்தக் கண்ணில் இருந்த கெஞ்சலைப் பார்த்ததும், கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் போனது.

இப்போது முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டால் போதும். சரியா இருக்கு மச்சான் என்பார். புருவத்தைக் கொஞ்சம் அசைத்தாலும் போதும், ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வண்டியை நிறுத்திவிடுவார், இந்தத் தடவைக்குத் தப்பிக்கலாம். அடுத்த தடவை தனக்குக் காய்ச்சல் வந்து படுத்தால்? தம்பியின் ஒரு கால் இன்னும் வெளியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் போனாள். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மூன்றாவது சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக்கின் வயரைப் பிடுங்கினாள். இன்ஜின் தடுமாறியது, டொக் நின்றது. வயரை மறுபடி மாட்டினாள். டொக் வந்துவிட்டது.

"மூணாவதுல தட்டுது" என்று உரக்கச் சொன்னாள். "சூடாகியும் நிக்கல. நிறுத்துடா வண்டிய."

தம்பி சாவியைத் திருப்பினான். மழை தகரத்தில் விழுகிற சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"மாமா ஒண்ணும் சொல்லலியேக்கா?"

காதுக்காரர் திருப்புளியைக் காதிலிருந்து எடுத்தார். என்ன கேட்டான் என்பதுபோல் அவளைப் பார்த்தார். இந்த முறை அவள் எடுத்துச் சொல்லவில்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்திருக்க வேண்டும்.

"அவ சொன்னா சரிதான் மச்சான்" என்றார். "எனக்குக் காது கேக்கறதில்ல. கொஞ்ச காலமாவே."

தம்பி கீழே இறங்கினான். ஒரு நிமிஷம் அவனுக்கு எதுவும் ஓடவில்லை. பிறகு ஓடியது. ஓடினது அவன் முகத்தில் தெரிந்தது.

"அப்போ போன தடவை? அந்தக் கிணுகிணு? கேட்டுட்டுத்தானே சரின்னு சொன்னீங்க?"

காதுக்காரர் மறுபடி அவளைப் பார்த்தார். இதை அவள் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. "போன தடவை சரியா இருக்குன்னு எப்படிச் சொன்னீங்கன்னு கேக்குறான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதிலையும் அவளிடமே சொன்னார்.

"அன்னைக்கு நீ இங்க இல்ல. அத்தைக்குக் கண்ணு ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியில இருந்தே."

தம்பி விடுவிடுவென்று நடந்து வாசலுக்குப் போனான். அப்படியே தெருவில் இறங்கிப் போய்விடுவான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அவன் போகவில்லை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தூறல் அவன் தோளை நனைத்தது.

"நான் செத்திருப்பேன்க்கா" என்றான். திரும்பவில்லை, தெருவைப் பார்த்தே மெதுவாகச் சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்றார் காதுக்காரர்.

இத்தனை காலமாக யார் என்ன சொன்னாலும் எடுத்துக் கொடுத்த வாய் அது. அன்றைக்கு அதற்குத் திராணியில்லை.

"அவனையே கேளுங்க" என்றாள்.

அவர் போனார். தண்ணீர் தேங்கின வாசலில் செருப்பில்லாமல் இறங்கி, சுற்றிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றார். "என்ன சொன்னே மச்சான்? எனக்குக் கேக்கல. சொல்லு" என்றார்.

தம்பி அவரைப் பார்த்தான். பிறகு, தூரத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னான். "நான் செத்திருப்பேன், மாமா."

"ஆமா" என்றார் காதுக்காரர். "என்னாலதான்."

சரக்கைக் குறை சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இருவரும் நனைந்துகொண்டு நின்றார்கள். கூப்பிட்டு உள்ளே வரச் சொல்ல அவளுக்குத் தோன்றியது, ஆனால் கூப்பிடவில்லை. மேசை மேல் டீ ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. அதை எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள்.

அவள் வந்தபோது இருவரும் பட்டறைக்குள் வந்திருந்தார்கள். தம்பியின் முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. டம்ளரை வாங்கினான், குடித்தான், கீழே வைத்தான். ஸ்பேனர்கள் கிடந்த தட்டைக் காலால் இழுத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் உட்கார்ந்தான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு எழுந்து, காதுக்காரரின் முகத்துக்கு நேரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து கேட்டான்.

"மொதல்ல ரேடியேட்டர் தண்ணிய வடிக்கவா, ஆயில வடிக்கவா?"

"தண்ணி" என்றார் அவர். "சூடா இருக்கு, பாத்து."